என் முகத்தின் வரைபடமும் உங்கள் மகனும்

இன்னும் மரியாதைக்குரியவராகவே இருந்துவரும் சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் முகத்தைத் தவிர மற்ற எல்லாரும் எல்லாமும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் அவர்களுடைய மூட்டுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். கேட்க வேண்டிய முறைக்குக் கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகன் நான்கு நாட்களாக என்னோடு பேசுவதில்லை. அதுமட்டுமல்ல, இத்தனை நாள் எங்களோடு இருந்தவர், என் மகளையும் கூட்டிக்கொண்டு தனிவீடு போகிறார். சனிக்கிழமை காலை சாமான் ஏற்ற வண்டி வருகிறதாம். போகட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் போகிறவர் எதனால் போகிறார், தப்பு யார்மேல் என்பதைப் பெற்ற தகப்பன் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கடிதம். கட்டைவிரலில் கட்டோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும். அந்தக் கட்டுக்கும் மூலகாரணம் தாங்கள்தான்.

முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தேன். விடிந்ததும் வயலில் நிற்க வேண்டிய வேலை. குளியல் சோப்பைக் கன்னத்தில் நாலு இழுப்பு, பிளாஸ்டிக் ரேசரால் நாலு இழுப்பு, மூன்றே நிமிடத்தில் சவரம் முடிந்துவிடும். எந்த எல்லைக்கல்லும் என் முகத்தைப் பார்த்துக் குறை சொன்னதில்லை. அப்படி நிம்மதியாக ஓய்வுபெற்று வந்தவனிடம், மருந்துக்கடை நடத்திய அனுபவத்தில் தாங்கள் ஒரு பெட்டியை நீட்டினீர்கள். அதில் ஒரு பிரஷ், ஒரு கிண்ணம், மரமூடி போட்ட வட்டச் சோப்பு, அரைக்கிலோ கனத்தில் ஓர் இரும்பு ரேசர், ஒரு படிகாரக் கட்டி. "மூணு நிமிஷத்துல முடிச்சா அது சவரமில்ல சம்பந்தி, களை பிடுங்குறது. இனிமே உங்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அனுபவிச்சுப் பண்ணுங்க" என்றீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்றால் இதுதான்.

முதல் நாள் பிரஷை வெந்நீரில் ஊறவைத்து, தாங்கள் சொன்னபடியே சோப்பில் சுற்றினேன், சுற்றினேன், கை ஓயும்வரை சுற்றினேன், நுரை என்று பேருக்குக்கூட ஒன்று வரவில்லை. தங்களுக்குப் போன் போட்டால், "தண்ணி பத்தல" என்றீர்கள். மறுநாள் தண்ணீரைத் தாராளமாக விட்டேன், நுரை கிண்ணத்தில் பொங்கி, முழங்கையில் வழிந்து, கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கே வந்துவிட்டது. வெளியே பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற என் மகள், "அப்பா, முதல் மணி அடிச்சிடுவாங்க, சீக்கிரம் வாங்க" என்று கதவைத் தட்ட, இருக்கிற ஒரே குளியலறையில் நான் நாற்பது நிமிடமாக அனுபவித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பிரஷைக் காயட்டும் என்று ஜன்னலில் வைத்தால், தையல் வேலை செய்கிற என் மனைவி, நல்ல மெத்தென்று இருக்கிறதே என்று எடுத்துத் தையல் மிஷினைத் துடைத்துவிட்டாள். நான்காம் நாள் காலை என் கன்னமெல்லாம் நுரையும் நீல நூலும். பொறுத்துக்கொண்டேன். சம்பந்தி கொடுத்ததாயிற்றே என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு கழுத்தெல்லாம் சிவந்து எரிய ஆரம்பித்தது. மறுபடி போன். "முடி எந்தப் பக்கம் வளருதுன்னு பாருங்க. முதல்ல அது போற பக்கமாவே இழுக்கணும், அப்புறம் குறுக்கால, கடைசியா எதிர்ப்பக்கம். இதைத் தெரிஞ்சுக்காம கத்தியை வெச்சா முகம் புண்ணாத்தான் போகும்" என்றீர்கள். யாரிடம் இதைச் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசித்தீர்களா? திசை பார்ப்பது எனக்குத் தொழில். விட்டுவிட்டு ஒன்பது நாட்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் தாடியோடு கண்ணாடி முன் நின்று, பஞ்சை ஒவ்வோர் இடமாக இழுத்து, எங்கே சிக்குகிறது எங்கே வழுக்குகிறது என்று குறித்து, என் முகத்தைப் பதினான்கு புலங்களாகப் பிரித்து வரைபடம் போட்டேன். முகவாய்க் குழிதான் மையக்கல். அங்கிருந்து எல்லா அளவும். மூன்று இழுப்புக்கு மூன்று நிற மையில் அம்புக்குறிகள். கழுத்தில் ஒரு பக்கம் முடி மேல்நோக்கிப் போகிறது, மறுபக்கம் காதைப் பார்த்துப் போகிறது, பதினோராம் புலத்தில் ஒரு சுழியே இருக்கிறது. இதெல்லாம் அறுபது வருடமாக என்னோடு இருந்தும் எனக்குத் தெரியாத சங்கதிகள். கீழே "அளந்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர்" என்ற மூன்று இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டு, தண்ணீர் படாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு கீறல் இல்லை. வரைபடத்தைப் பார்ப்பேன், கண்ணாடியைப் பார்ப்பேன், இழுப்பேன். என் மனைவி ஒருநாள் போகிற போக்கில் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் குறை சொல்லாமல் போன இடங்கள் குறைவு. ஆக, வரைபடத்தில் ஒரு பிழையும் கிடையாது என்பதை இங்கே தயவுசெய்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு விழா. நான் கடைசி நான்கு வருடம் உயிரைக் கொடுத்து வரைந்த நகர வரைபடத்தை வெளியிடுகிறார்கள், எனக்கு மேடையில் இடம், பேசவும் வேண்டும். நல்ல நாளாயிற்றே என்று காலையில் புது பிளேடைப் பிரித்தேன். பென்சிலைச் சீவியதும் முனை கூராக இருக்கிறதா என்று கட்டைவிரலில் தேய்த்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் பழக்கம். முப்பத்து நான்கு வருடப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? தேய்த்துப் பார்த்தேன். கூராகத்தான் இருந்தது. இரண்டு தையல். பல்பு அளவுக்கு ஒரு கட்டு. மணி எட்டரை. முகத்தில் இரண்டு நாள் தாடி.

"தெருமுனை சலூன்ல உக்காந்து எழுந்தா பத்து நிமிஷம்" என்றாள் மனைவி. பதினான்கு புலம் உள்ள முகத்தை வரைபடம் படிக்கத் தெரியாத ஆளிடம் கொடுக்கச் சொல்கிறாள். முடியாது என்றேன். அப்போதுதான் உங்கள் மகன், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற ஆள், ஊருக்கே இடது வலது சொல்லித் தருகிற ஆள், தானாகவே வந்து, "குடுங்க மாமா, நான் பண்ணிவிடறேன். எங்க அப்பாவுக்கு எத்தனை தடவை பண்ணியிருக்கேன்" என்றார். குளியலறையில் இருவர் நிற்க இடமில்லை என்று கூடத்தில் நாற்காலி போட்டார்கள். என் எதிரே நின்று, வரைபடத்தை ஒரு கையிலும் ரேசரை மறு கையிலும் பிடித்துக்கொண்டார். நுரை நன்றாகத்தான் போட்டார், அதை மறுக்கவில்லை. முதல் இழுப்பிலேயே கழுத்தில் நெருப்பை வைத்தாற்போல இருந்தது.

"மாமா, கையால தடவிப் பாத்தா முடி வேற பக்கம் போற மாதிரி இருக்கே" என்றார். "தடவிப் பாத்துப் போறதுக்கு இது என்ன இருட்டு அறையா? வரைபடம் எதுக்கு இருக்கு? அதைப் பாருங்க" என்றேன். "மேப்ல இப்படித்தான் இருக்கு மாமா, ஆனா…" என்று இழுத்தார். "ஆனா ஆவன்னா எல்லாம் வேண்டாம்" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதற்குமேல் தொண்டையில் கத்தி இருந்ததால் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஒரு புலம் விடாமல், ஓர் அம்புக்குறி விடாமல், மூன்று நிறத்துக்கும் மூன்று முறை இழுத்து முடித்தார். படிகாரத்தை வைத்ததும் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

மேடையில் எல்லார் முகத்திலும் சந்தோஷம், என் முகத்தில் பஞ்சு. தலைமை வகித்தவர், "இவர் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்" என்று சொல்லி உட்கார, நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். எரிச்சல் என்றால் இரண்டு வகையிலும் எரிச்சல். "வரைபடம் தப்பு பண்ணாதுங்க. அதைப் பிடிக்கிற ஆள்தான் தப்பு பண்ணுவான். என் முகத்தையே பாருங்க. அம்புக்குறி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாதவர்கிட்ட மேப்பைக் குடுத்தா இதுதான் கதி. அவர் வேற யாருமில்ல, என் மாப்பிள்ளை. அதோ நாலாவது வரிசை. ஊருக்கே கார் ஓட்டச் சொல்லித் தராரு!" என்றேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் உங்கள் மகனிடம் கார் பழகுகிற மூன்று பேரும் இருந்தார்களாம், அது எனக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை அவர்களில் ஒரு அம்மாள் வண்டியில் ஏறியதுமே, "சார், நாம போற ரோடு சரிதானே?" என்று கேட்டிருக்கிறாள். மற்ற இருவரும் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

இதற்குப் போய்த் தனிவீடா? பெரியவன் ஒரு வார்த்தை சொன்னால் சின்னவர் பொறுத்துப்போக வேண்டாமா? தப்பைச் செய்துவிட்டு, ஒப்புக்கொள்ளாமல், உங்கள் மகன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க உங்கள் மகனுக்கு மனமில்லை. உங்கள் மகனுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் மகளோ, "நீங்க மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம்ப்பா. மைக் இல்லாம அவர்கிட்ட நாலு வார்த்தை பேசுனாலே போதும்" என்கிறாள். என்ன பேச்சு இது? அவள் துணிமணியை அட்டைப்பெட்டியில் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கிறது. ஆகவே தாங்கள் தகப்பன் என்ற முறையில் உடனே தலையிட்டு, உங்கள் மகன் செய்தது தப்பு என்பதை அவருக்கு உணர்த்தி, என்னிடம் வந்து பேசச் சொல்ல வேண்டும். செய்யாவிட்டால் அந்தப் பெட்டியை, படிகாரத்தோடு சேர்த்து, தங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவைப்பேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் என் மனைவியின் அன்பும். வீட்டில் சின்னவர்கள் எல்லாருக்கும் ஆசி. அவர்கள் முகம் என்றும் கீறலின்றி விளங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
(நில அளவையர், ஓய்வு)

பின்குறிப்பு: சாட்சியமாக இருக்கட்டும் என்று வரைபடத்தையும் இதோடு இணைக்க நினைத்து, அதைக் கழற்றி வரும்படி மனைவியிடம் சொன்னேன். கொண்டுவந்தவள் கொடுக்காமல், என் எதிரே நின்று அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏங்க, இதை எங்க பாத்து வரைஞ்சீங்க?" என்றாள். கண்ணாடியில் என்றேன். "கண்ணாடியில உங்க வலது கன்னம் எந்தப் பக்கம் தெரியும்?" வலது பக்கம் என்றேன். "எதிர்ல நிக்கிற எனக்கு?" இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டே வரைபடத்தை எட்டிப் பார்த்தேன். "பொழுது விடிஞ்சா எதிர்ல நிக்கிறவங்களுக்கு அளவெடுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா? பாவம் அந்தப் பிள்ளை, உங்க இடது பக்கத்துக் கணக்கை வலது பக்கத்துல வெச்சு இழுத்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்குப் போய்விட்டாள்.

சம்பந்தி, எது எந்தப் பக்கம் என்று குறிக்காத வரைபடத்தை என்கீழ் வேலை பார்த்தவன் யாராவது கொண்டுவந்திருந்தால் கிழித்தே போட்டிருப்பேன். அதில் மூன்று கையெழுத்து வேறு. மாப்பிள்ளையின் விரலுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. அப்படியும் தன் விரலை நம்பாமல் என் கோட்டை நம்பியிருக்கிறார். இத்தனை வருடத்தில் என் வரைபடத்தை இவ்வளவு நம்பி நடந்த மனிதர் வேறு யாருமில்லை, அவரைத்தான் சபையில் வைத்துச் சிரிக்கவைத்தேன். வெட்கமாக இருக்கிறது. இவ்வளவையும் மாற்றி எழுத விரல் இடம் கொடுக்கவில்லை. ஆகையால் மேலே தப்பு செய்தவராக, ஒப்புக்கொள்ளாதவராக, உம்மென்று இருப்பவராக எங்கெல்லாம் "உங்கள் மகன்" என்று வருகிறதோ, அங்கெல்லாம் "நான்" என்று வாசித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் வீட்டிலிருக்கும் கட்டிலை எடுத்துவர நாளைக் காலை மாப்பிள்ளை ரயிலில் அங்கே வருகிறார். கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. மூன்று மணி நேரப் பயணம், படிக்க அவரிடம் வேறு ஒன்றும் இருக்காது.