தார் மணத்தோடு பெண் பார்க்கப் போனேன்

மூன்று மருந்து நல்லது என்றால் ஐந்து மருந்து அதைவிட நல்லது என்று நம்புகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நான் தலைவனாகவே இருந்தேன்.

எனக்குக் கடுமையான சோரியாசிஸ். முழங்கை, முதுகு, முழங்கால் எல்லாம் செதில் செதிலாக உரியும். ஜார்ஜ் டவுன் தோல் டாக்டர் மாத்திரை, ஒளிச் சிகிச்சை, களிம்பு மூன்றையும் அளவு பார்த்துச் சேர்த்துக் கொடுத்திருந்தார். "வேற எதையும் சேக்காதீங்க" என்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்து, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். பெண்ணின் படம் எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. தோலைப் பார்த்து வேண்டாம் என்றுவிடுவாளோ என்று பயந்து செத்தேன்.

அம்மா வேப்பெண்ணெயைச் சேர்த்தார். மாமா தார் களிம்பைச் சேர்த்தார். நான் என் பங்குக்கு, எல்லாம் நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று, மிச்சக் கறியை மூடிவைக்கும் பிளாஸ்டிக் தாளை உடம்பெல்லாம் சுற்றி, மேலே பட்டுச் சட்டை போட்டேன். அம்மாவோடு ஏறிய ஃபெரிப் படகில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். (நல்ல மனிதர். ஏன் என்று சொல்லவில்லை.)

பெண் வீட்டில் உட்கார்ந்ததும் அவள் அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"வெளிய ஜாலான் போடுறாங்களா?" என்று வாசல் வரை போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வந்தார். "இல்லயே லா."

பெண் தேநீர் கொண்டு வந்தாள். கை நீட்டினேன். சட்டைக்குள் சரசரவென்று சத்தம். பிளாஸ்டிக் தாள் முழங்கையிலிருந்து நழுவி, மணிக்கட்டு வழியாக வெளியே வந்து, தேநீர்த் தட்டில் படுத்துக்கொண்டது.

"வேர்க்குருதான்" என்றார் அம்மா. யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

எனக்குப் பொய் வாயில் வரவில்லை. சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். "சோரியாசிஸ். ஒட்டாது. முழுசா போகவும் போகாது."

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள் பெண்.

"வேற எதையும் சேக்காதன்னு."

"அப்புறம் யாரு சேத்தது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"மொதல்ல போய் கழுவிட்டு வாங்க," என்றாள். "அப்புறம் பேசுவோம்."

அவர்கள் குளியலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். நிம்மதியில்தான்.

கல்யாணத்துக்கு முன் நலங்கு வைக்க அத்தைமார்கள் மஞ்சளும் சந்தனமும் குழைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதற்குள் அவளிடமிருந்து போன் வந்துவிட்டது. "அவருக்கு ஒண்ணும் பூசாதீங்க அத்தை. டாக்டர் குடுத்ததே போதும்." குழைத்ததை வீணாக்க மனமில்லாமல் அத்தைமார்கள் அத்தனையையும் மாப்பிள்ளைத் தோழனுக்குப் பூசிவிட்டார்கள். ஆல்பத்தில் அவன்தான் தகதகவென்று இருக்கிறான். புதிதாகப் பார்ப்பவர்கள் இன்றும் அவனையே மாப்பிள்ளை என்கிறார்கள். என் மனைவிதான் திருத்துவாள்.

"பக்கத்துல பாருங்க. ஒண்ணும் பூசாம நிக்கிறாரே, அவருதான் நம்ம ஆளு."