மொக்கு திறந்த சாயங்காலம்

என்னிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. ஒற்றை மல்லிகை மொக்கு. பின்புறம் பென்சிலில், ‘நகரிக்குக் கிழக்கே, சாயங்காலம்’ என்ற குறிப்பு. பொழுதை எழுதியவர் வருஷத்தை எழுதவில்லை. ஆந்திர ராஜ்யம் பிறந்த பிறகு, மெட்ராஸோடு எல்லைத் தகராறு தீர்வதற்கு முன்பு என்பது வரைதான் என்னால் சொல்ல முடியும்.

எழுதியவர் பூப்பெட்டிக்காரர்; காமிராப் பெட்டியும் கையுமாகப் பூவின் பின்னால் அலைந்ததால் ஊர் வைத்த பெயர். சித்தூர் ஜில்லாவிலேயே பூ மலர்வதைப் பார்த்த முதல் மனிதர் அவர். மற்ற எல்லோரும் மலர்ந்த பூவைப் பார்த்தவர்கள்.

திருப்பதியில் அவருக்கு ஒரு ஸ்டூடியோ. மாடியில் நான் குடியிருந்தேன். மலையில் முடி இறக்கிவிட்டு வரும் குடும்பங்கள் கீழே காத்திருக்கும். இவர் கொல்லையில் பூசணிப்பூ முன்னால் குந்தியிருப்பார்.

“சார், எங்க போட்டோ?”

“உங்களுக்கு நாளைக்குள்ள முடி வளந்துடாது. இது நாளைக்கு வாடிடும். போயிட்டு வாங்க.”

எங்கிருந்தோ ஒரு பழைய சினிமாக் காமிராவைத் தேடிப் பிடித்தார். ஃபிலிம் ஒரே சுருள்தான். இன்னொன்று கிடைக்க வழியில்லை. மல்லிகை மலர்வதை விட்டு விட்டுப் படம் பிடித்து, வேகமாக ஓட்டிக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வாழ்க்கையில் ஆசை. தொட்டிச் செடி கூச்சப்படும் என்று சொல்லி, கடிகாரம் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு நகரிப் பக்கம் போனார். அங்கே மல்லிகைத் தோட்டக்காரி முனியம்மா.

“இன்னா சாமி, மொக்கை வுட்டா வெடிச்சிடும். வெடிச்ச பூவை எவன் வாங்குவான்?”

“வெடிக்கிறதுதாம்மா எனக்கு வேணும்.”

“நல்லா முத்திக்கினு கீது உனக்கு” என்றவள், ஒரு செடியை மட்டும் பறிக்காமல் விட்டாள்.

செடிக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டினார். இருபுறமும் பெட்ரோமாக்ஸ். கிளை ஆடாமல் இருக்க, சுண்ணாம்பு அடித்த கம்பு ஒன்றை நட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. அந்த நாளில் அந்தப் பக்கம் யார் வெள்ளைக் கம்பு நட்டாலும் அது எல்லைதான். இருட்டுவதற்குள் ஊரே திரண்டு வந்துவிட்டது.

“எங்க ஊரு மெட்ராஸ் பக்கம். எழுதிக்கோ!”

“லேது, லேது! ஆந்திராதான்!”

“முதல்ல கம்பைப் புடுங்குடா!”

மொக்கின் நுனி அப்போதுதான் நெகிழ ஆரம்பித்திருந்தது. கம்பு அசைந்தால் சுருள் அவ்வளவுதான். அவர் காமிராக் கைப்பிடியை விடாமலே திரும்பினார்.

“எந்த ராஜ்யம் வேணுமோ எடுத்துக்குங்க. வெளிச்சத்துக்குக் குறுக்கே மட்டும் நிக்காதீங்க.”

குரல் நடுங்கியது. முனியம்மா அதைக் கேட்டிருக்க வேண்டும்.

“ஏய், குந்துங்கடா எல்லாம்! எங்க நைனா வெச்ச தோட்டம் இது. எவனாவது கம்புமேல கை வெச்சா தெரியும் சேதி!”

இரண்டு ராஜ்யங்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. நான் கடிகாரம் பார்த்து ‘ம்’ என்பேன்; அவர் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றுவார். யாரும் எதுவும் அசையக் காணவில்லை. கடைசியில் பூ மலர்ந்திருந்தது. “எப்படா தொறந்துச்சு?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

சுருளை மெட்ராஸில் கழுவி வாங்கி, அதே தோட்டத்தில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினார். மொக்கு சிலிர்த்தது. ஒரு இதழ் விலகியது, தயங்கியது, மறுபடி முயன்றது. பிறந்த கன்று எழுந்து நிற்கப் பாடுபடுவது போல் இருந்தது. பூ இத்தனை சிரமப்படும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தமிழிலும் பேச்சில்லை, தெலுங்கிலும் இல்லை.

சுருளைத் திருப்பிச் சுற்றும்போது படம் காட்டும் கருவியின் விளக்கை அணைக்க மறந்துவிட்டார். வேட்டியில் இதழ்கள் ஒவ்வொன்றாக மடங்கத் தொடங்கின. மூடிய மொக்கை விற்றே பிழைத்தவள் முனியம்மா. அவள்தான் கத்தினாள்:

“ஐயோ சாமி, மூடிடாதே!”

பூப்பெட்டிக்காரர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

அவர் காலமாகிவிட்டார். சுருள் என்ன ஆயிற்றோ தெரியாது. அந்த ஊரில் பூப்பறிக்கிறவர்கள் இன்றும் செடிக்கு ஒரு மொக்கை விட்டுவைக்கிறார்கள் என்று கேள்வி. இது உறுதி செய்யப்படாத தகவல். நகரிக்கு பஸ் இருக்கிறது. போய்ப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.