நாலு சக்கரத்துக்கு நாலு டயர்

உலகத்தில் வேன் ஓட்டுகிற அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். மனசு முழுவதையும் சக்கரத்துக்குக் கீழே வைத்துவிட்டு, டயர் என்ன சொல்கிறது என்று கேட்டபடியே ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் டயர் அண்ணன்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். லைசென்ஸை வாங்கிப் பார்த்த போலீஸ்காரர்களைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

தெமோதரைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து தினமும் பதுளைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் அவருடையது. நான் பதுளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். என் மனைவி மாலா அதே தெருவில் ஒரு தையல் கடையில். ஹாலிஎலயில் இறங்குகிற டீச்சர் ஒருவர் எப்போதும் முன் சீட்டில். இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் நிம்மதியாகப் போய் வந்துகொண்டிருந்தோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதம், யாரோ அவருடைய போனுக்கு ஒரு வீடியோ அனுப்பித் தொலைத்தார்கள். வெளிநாட்டில் ஒரு பெரிய மைதானம். அங்கே கோடைக்காலத்துக்கு ஒரு டயர், பனிக்காலத்துக்கு ஒரு டயராம். அதில் கோடை டயர்களை மட்டும் எடுத்து, வகைக்கு ஒரு காரில் மாட்டி, எது நன்றாகப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டு மார்க் போடுகிறார்கள். அண்ணன் அதைப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பார்.

"அவனுங்க ரோட்டப் பாத்தீங்களா தம்பி? சோத்தக் கொட்டிச் சாப்பிடலாம். அதுல எந்த டயருதான் ஓடாது? நம்ம கோயில் முடக்குல, ஆகஸ்ட் வெயில்ல, அந்தப் புழுதியில வந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்க!"

முடக்கு என்றால் எங்கள் பக்கம் வளைவு. கோயில் முடக்கில் வளைவும் உண்டு, இறக்கமும் உண்டு, பக்கத்தில் பள்ளமும் உண்டு.

அடுத்த நாள் பதுளையில் டயர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போய், ஜப்பான் ஒன்று, சீனா ஒன்று, உள்ளூர் ஒன்று, பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டிய ரீபில்ட் ஒன்று என்று கேட்டார். நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, செருப்புக் கடைக்கு வந்து வலது கால் மட்டும் தாங்கன்னு கேக்குற மாதிரி இருக்கு. ஒரு சோடியாச்சும் எடுங்களேன்!"

அண்ணனிடம் பதில் தயாராக இருந்தது. வெள்ளைக்காரனுக்கு நாலு கார் இருக்கிறது, தனக்கு ஒரே வேன். ஒவ்வொரு வெயில் காலத்துக்கும் ஒரு வகை என்று மாட்டிப் பார்த்தால் நாலு வருடம் ஆகும். அதற்குள் ரோடே மாறிவிடும். ஆகவே நாலையும் ஒரே வேனில் மாட்டிவிட்டால் ஒரே ரோடு, ஒரே வெயில், ஒரே டிரைவர். இதில் என்ன தப்பு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. தப்பு என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அதிலும் எனக்குக் கவலை அதிகம். மாலா அப்போது ஆறு மாதம். செப்டம்பர் நடுவில் பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் லயத்து வீடுகளுக்கு வருகிற கல் ரோட்டில் திரீவீல் ஆட்டோக்காரர்கள் ஏற மாட்டார்கள். வலி வந்தால் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது இந்த ஒரே வேன்தான். அதற்கு நாலு காலும் நாலு திசையில் இழுக்கிற டயர்.

"அண்ணே, மாலாவுக்கு நேரம் வரும்போது நாலும் ஒரே டயரா இருக்கணும்."

"ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கெழமை சோதனை முடியுது தம்பி. அடுத்த நாளே ஜெயிச்ச டயர நாலுலயும் போட்டுர்றேன். இது சத்தியம்."

எங்கள் பக்கம் வெயில் காலம் தொடங்குகிற ஜூனில் சோதனை ஆரம்பமானது; டயர்கள் வாராவாரம் இடம் மாறும். முன் வலது சக்கரத்துக்கு அவரே நீதிபதி. முன் இடது டீச்சர். பின் வலது நான். பின் இடது மாலா. மற்றவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. சாயந்திரம் இறங்கும்போது, "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார். மார்க் சொல்லாமல் கதவு திறக்காது.

டீச்சர் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரியே சொல்வார்: "ஆறு. முயற்சி போதாது." நான் தினமும் ஏழு போட்டேன். ஒரு வாரத்தில் பிடித்துவிட்டார். "தம்பி, நீங்க தூங்குறீங்க. தூங்குறவங்கதான் ஏழு போடுவாங்க." மாலாவோ ரீபில்ட் டயர் தன் பக்கம் வந்த வாரமெல்லாம் ஒன்பது போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாவம்ண்ணே, வயசான டயரு" என்றாள்.

"பரிதாப மார்க்கு செல்லாது தங்கச்சி!" என்று அவர் கத்தியது கீழ் டிவிசன் வரை கேட்டிருக்கும்.

வீடியோவில் ஈர ரோட்டிலும் ஓட்டிக் காட்டியிருந்தார்கள். ஜூலை வெயிலில் ஈரத்துக்கு எங்கே போவது? அண்ணன் ஒரு வாளியோடு பீலிக்குப் போனார். அங்கே மூங்கில் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி விழ, குடத்தோடு இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"குடிக்கத் தண்ணி இல்லாத நேரத்துல ரோட்டக் குளிப்பாட்டப் போறீங்களா?" என்று பிடித்துக்கொண்டார்கள். எப்படியோ கெஞ்சி ஒரு வாளி வாங்கி முடக்கில் ஊற்றினார். வேனை எடுத்துக்கொண்டு வருவதற்குள் ரோடு அதைக் குடித்து முடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பெரிய சடங்கு. வார நாட்களில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வேனை நாலு மரக்கட்டை மேல் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றிப் படுக்கப் போட்டு, டயரின் பள்ளத்தில் தீக்குச்சியை விட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பார். பிறகு ஒவ்வொன்றும் ஒரு இடம் தள்ளி ஏறும். சோக்கட்டியால் அடையாளம் உண்டு. வரிசை மாறினால் வாரக் கணக்கில் ஓட்டியதெல்லாம் வீண் என்பார். ஒரு ஞாயிறு, பட்டுப்புடவையும் மல்லிகையுமாக ஒரு கல்யாணக் கூட்டமே வெயிலில் காத்து நின்றது. அவர் தீக்குச்சியை விடவில்லை. முகூர்த்தம் முடிந்து பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வந்தது. கடைசி அளவு, கடைசி மாற்றம், கோயில் முடக்கில் கடைசி பிரேக். சாயந்திரம் முடிவு சொல்வதாக அறிவித்திருந்தார். பதினோரு மணிக்கு மாலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, வலி வந்துருச்சுங்க."

"இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கே!"

"அத உங்க பிள்ளகிட்டச் சொல்லுங்க!"

பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். வேன் கட்டை மேல் நின்றது. நாலு சக்கரமும் தரையில். அண்ணன் நடுவில் குந்தி, வாயில் தீக்குச்சியோடு இருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே... மாலாவுக்கு..."

தீக்குச்சியைத் துப்பினார். கைக்குக் கிடைத்த சக்கரத்தை உருட்டி, கிட்ட இருந்த இடத்தில் மாட்டினார். சோக்கட்டி அடையாளம் அவர் உள்ளங்கையிலேயே அழிந்தது. வழக்கமாக இரண்டு மணி நேரம் பிடிக்கிற வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. நட்டுகளை மட்டும் இரண்டு தடவை இறுக்கிப் பார்த்தார்.

மாலா பழக்கதோஷத்தில் பின் இடது சீட்டிலேயே ஏறினாள். கல் ரோட்டில் வேன் இறங்கியது. தளும்புகிற சட்டியைத் தூக்கிப் போகிறவன் மாதிரி, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து ஓட்டினார். கோயில் முடக்கில் அவர் பிரேக்கை மெல்ல அழுத்த, மாலா என் கையை நசுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

"அண்ணே... பின் இடது... எட்டு..."

"இப்ப வேணாம் தங்கச்சி" என்றார் அவர்.

ஹாலிஎல தாண்டினோம். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். ரோட்டைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார் என்று நினைத்து வெளியே வந்தால், மனிதர் சுடுதண்ணி பிளாஸ்க்கோடு வார்டு வாசலில் நின்றார்.

"பொண்ணுண்ணே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பிளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அண்ணே, வர்றப்போ கோயில் முடக்குல எந்த டயரு நல்லாப் புடிச்சிச்சு?"

வேன் நின்ற பக்கம் திரும்பி யோசித்தார். "தெரியலயே தம்பி. நான் பாக்கல" என்றார். மூன்று மாதச் சோதனை அதோடு போயிற்று.

எங்களை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தபோது நாலு சக்கரத்திலும் ஒரே மாதிரிப் புது டயர். "சொன்னேன்ல" என்றார், அவ்வளவுதான். அடுத்த ஜூனில் மறுபடி நாலு வகையையும் மாட்டுவார் என்று எல்லோரும் பயந்திருந்தோம். மாட்டவில்லை. இனி வெயிலுக்கு ஒரு வகைதான் என்று சொல்லிவிட்டார்.

"நாலு வருசம் ஆகுமேண்ணே? அதுக்குள்ள ரோடே மாறிரும்னீங்க?"

"மாறட்டும் தம்பி. பாப்பாவும் வண்டியில வருதுல்ல."

இது மூன்றாவது வெயில். மகளுக்கு இந்த ஆகஸ்டில் மூன்று வயது. பின் இடது சீட்டில் மாலாவின் மடியில் அவள்தான் நீதிபதி. சாயந்திரம் அண்ணன் திரும்பி, "பத்துக்கு எத்தனை பாப்பா?" என்று கேட்பார். "பத்து!" என்பாள். அவளுக்கு எண்ணத் தெரிந்ததே அதுவரைதான். நானும் ஏழு போடுவதை விட்டுவிட்டேன். அவர் டயருக்கு மார்க் கேட்கிறார். நாங்கள் போடுவது அவருக்கு.