எண்ணெய் தேய்ச்ச மாமாவும் எரிஞ்ச பிரேக்கும்

ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாமனாரைத் தென்காசியில இருந்து குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் குளிக்க வைக்கணும். அஞ்சு கிலோமீட்டர் தூரம். இதுல என்ன தப்பா போயிரப் போவுதுன்னு நினைச்சேன்.

மாமா ஆலங்குளத்துக்காரர். ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். சீசன்ல முதல் குளியலுக்காகவே பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்திருந்தாரு. அருவிக்கரையில காசு கொடுத்து எண்ணெய் தேய்க்கிறதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. "முன்னப் பின்ன தெரியாதவன் கையில தலையக் குடுக்க முடியுமா?" அப்படின்னு கேப்பாரு. அதனால எங்க வீட்டுலயே உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்ச்சு, இடுப்புல துண்டோட, கார் முன் சீட்டுல பிளாஸ்டிக் பாய் விரிச்சு உக்காந்தாரு. பின்னாடி என் மனைவி கோமதி.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிருதேன் மக்களே. அந்த கார் மாமாவோட கார். எட்டு வருஷம் அறுபதைத் தாண்டாம ஓட்டி, பூ மாதிரி எங்க கையில கொடுத்தது. அந்தப் பூவை நான் முந்தின சனிக்கிழமை கோயம்புத்தூர் பக்கம் ஒரு ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டு போயிருந்தேன். சொந்தக் காரைக் கொண்டு வந்து ஆசை தீர ஓட்டுங்கன்னு ஒரு நாள் விடுவாங்க, அதுக்கு. வீட்டுல சொன்னது என்னவோ, "ஆபீஸ் ட்ரெயினிங்."

ட்ராக்குல ஒரு பயிற்சியாளர் என் முன் சக்கரத்தைக் குனிஞ்சு பாத்துட்டு ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, "பிரேக் டிஸ்க், சக்கரத்துக்குள்ள இருக்கிற இந்தத் தட்டு, தேஞ்சு மெலிசாயிருச்சு, விளிம்பு தனியா எழும்பி நிக்குது, முதல்ல மாத்துங்க." ரெண்டு, "வேகமா ஓட்டி முடிச்சதும் வண்டியை நிறுத்தாதீங்க, பிரேக்கைத் தொடாம ஒரு சுத்து மெதுவா ஓட்டுங்க, காத்துல டிஸ்க் ஆறிரும்."

செலவு இல்லாத ரெண்டாவது விஷயத்தை மட்டும் நான் மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்.

தென்காசியைத் தாண்டும்போதே பிரேக்குல கால வச்சா ஸ்டீரிங் நடுங்குச்சு.

"ஏங்க, ஸ்டீரிங் ஏன் இப்படி ஆடுது?"ன்னு கோமதி கேட்டா.

"ரோடு சரியில்ல."

"இப்பத்தானங்க புது ரோடு போட்டாவ!"

குற்றாலம் நெருங்கும்போது கருகுற வாடை வந்துச்சு. மாமா தன் கையை மோந்து பாத்தாரு. "என்ன மாப்ளே, எண்ணெய் காஞ்ச வாடை வருது? நான் இளஞ்சூடாத்தான தேச்சேன்?"

எனக்குத் தெரிஞ்சு போச்சு. டிஸ்க் சூடாயிருச்சு! ட்ராக் பாடம் ஞாபகம் வந்துச்சு. நிறுத்தக் கூடாது. ஒரு சுத்து மெதுவா ஓட்டணும்.

மெயினருவி வந்துச்சு. பார்க்கிங்ல இடமும் இருந்துச்சு. நான் அதைத் தாண்டிப் போயிட்டேன்.

"மாப்ளே, அருவி பின்னால போவுது," அப்படின்னாரு மாமா.

"ஐந்தருவியில கூட்டம் கம்மி மாமா."

ஐந்தருவிக்குப் போனோம். வாடை குறையலை, கூடிருச்சு. அங்கயும் நிறுத்தாம வண்டியைத் திருப்பினேன். "இங்கன கூட்டம் மாமா, மெயினருவிக்கே போயிருவோம்."

"எங்க கூட்டம்? நாலு பேருல்லா நிக்காவ?"

திரும்ப மெயினருவி. திரும்பவும் நிறுத்தலை. இலஞ்சிப் பக்கமா ஒரு சுத்து. மறுபடி குற்றாலம். மாமாவோட காதோரம் எண்ணெய் வழிஞ்சு பிளாஸ்டிக் பாயில சொட்டுது.

அவரு எனக்கு மரியாதை குடுத்து "நீங்க"ன்னுதான் பேசுவாரு. சந்தேகம் வந்தா மட்டும் அது மாறிரும். இப்ப மாறிருச்சு.

"அந்த நேந்திரங்காய் சிப்ஸ் கடைய மூணாவது தடவை பாக்குதேன். நீரு என்ன ரோந்தா சுத்துதீரு? வண்டிய நிப்பாட்டும்!"

"ஒரே ஒரு சுத்து மாமா…"

"ஏங்க, சக்கரத்துல இருந்து புகை வருதுங்க!"ன்னு கோமதி கத்தினா.

நிப்பாட்டிட்டேன். முன் இடது சக்கரம் சாம்பிராணி போட்ட மாதிரி புகையுது. மாமா துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு இறங்கினாரு. ரோட்டோரமா ஒரு குடும்பம் அருவித் தண்ணியைக் கேன்ல பிடிச்சு வேன்ல ஏத்திக்கிட்டு இருந்துச்சு. ஊருக்குக் கொண்டு போய் ரெண்டு நாள் வச்சுக் குளிப்பாங்க. உடம்புல எதுன்னாலும் குற்றாலத் தண்ணி பட்டா சரியாயிரும்னு நம்புற ஜனம் நாங்க. மாமாவுக்கு அந்த நம்பிக்கை வண்டி மேலயும் உண்டு.

"தாயி, ஒரு கேன் குடுங்க!"ன்னு வாங்கிட்டாரு.

கொதிக்கிற டிஸ்க்குல பச்சத் தண்ணி ஊத்தினா விரிசல் விட்டுரும்னு எனக்குத் தெரியும். அதையும் ட்ராக்குலதான் சொன்னாங்க. இப்ப வாயைத் திறந்தா "யாரு சொன்னா?"ன்னு கேப்பாரு. முப்பது வருஷம் அதையே கேட்டுச் சம்பளம் வாங்கின மனுஷன்!

சொல்லவா வேண்டாமான்னு நான் யோசிச்சேன். அதுக்குள்ள கேன் சாஞ்சிருச்சு.

உஸ்ஸ்ஸ்! ஆளே தெரியாத அளவுக்கு ஆவி. அதுக்குள்ள இருந்து "டங்"குன்னு ஒரு சத்தம்.

"ஐயோ மாமா! தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ட்ராக்குல படிச்சுப் படிச்சு சொன்னாங்களே!"

ஆவி மெதுவா விலகிச்சு. எண்ணெய் பளபளக்க மாமா நின்னாரு.

"எந்த ட்ராக்குல?"

நான் கோமதியைப் பாத்தேன். அவ அருவியைப் பாத்தா.

நல்லவேளையா ஒரு ஆட்டோக்காரர் வந்து குனிஞ்சு பாத்தாரு. நல்லவேளைன்னு நான்தான் தப்பா நினைச்சுட்டேன்.

"பிரேக் பேடு டிஸ்க்க விடாமப் பிடிச்சுக்கிட்டு கெடக்கு அண்ணாச்சி. ஓட ஓடச் சூடுதான் ஏறும். புகையப் பாத்துமா சுத்துனிய?"

"ஆற வைக்கத்தான் சுத்தினேன்," அப்படின்னேன்.

அவரு என்னைப் பரிதாபமா பாத்தாரு. "டிஸ்க்கு விரிசல் விட்டுட்டு. அது போவட்டும், ஓரமெல்லாம் நீலம் பாஞ்சுல்லா இருக்கு! ஊருக்குள்ள ஓடுத வண்டி இப்படி ஆவாதே. எங்கயும் மலையில இருந்து எறங்குனியளா?"

"கோயம்புத்தூர்ல ஆபீஸ் ட்ரெயினிங்கு போனாரு," அப்படின்னாரு மாமா.

"ஆபீசு எந்த மலையில அண்ணாச்சி?"

அதுக்கப்புறம் மறைக்க என்ன இருக்கு? எல்லாத்தையும் சொல்லிட்டேன். மாமா பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு.

"எத்தனாவதா வந்தீரு?"

"அது போட்டி இல்ல மாமா. சும்மா வேகமா ஓட்டிப் பாக்கிறது."

"போட்டியும் இல்லாமலா என் வண்டிய எரிச்சீரு?"

கோமதி ரொம்ப மெதுவாதான் பேசினா. "ட்ராக்குக்குப் போனது கூடப் பரவாயில்லங்க. பிரேக்குல கோளாறுன்னு தெரிஞ்சும் எங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுச் சுத்துனீங்க பாத்தீங்களா?" உண்மையிலேயே வெக்கமா இருந்துச்சு.

"சரி, வந்ததுக்குக் குளிச்சிட்டாவது போவோம்"ன்னு மாமாவே நடந்தாரு. நாங்க பின்னாடியே போனோம். பத்தடி கூடப் போகலை, அருவிப் பக்கம் விசில் சத்தம். ஜனங்க ஈரத் துணியோட ஓடி வாராங்க. "மலையில மழை! தண்ணி கூடிருச்சு, குளிக்க விடமாட்டாவ!"

நான் சுத்தின முக்கால் மணி நேரமும் அருவி அருமையா விழுந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அது மூணு பேருக்கும் தெரியும்.

காரை அங்கயே ஓரமா விட்டுட்டு அதே ஆட்டோவுல தென்காசிக்குத் திரும்பினோம். சீட்டு வீணாயிரும்னு ஆட்டோக்காரர் சொன்னதால பிளாஸ்டிக் பாயையும் கையோட எடுத்துக்கிட்டோம். மாமா எங்க வீட்டு பாத்ரூம்ல, மோட்டார் தண்ணியில, சீயக்காய் போட்டுக் குளிச்சாரு. வெளிய வந்து, "நாளைக்கு அருவிக்கு நான் பஸ்ல போய்க்கிடுதேன்," அப்படின்னாரு.

அன்னைக்கு எங்க வீட்டுல குற்றாலத் தண்ணியில குளிச்சது முன் இடது டிஸ்க் மட்டும்தான், அதுக்கும் அது ஒத்துக்கலை.