காதணி விழா ஃபிளக்ஸும் என் காப்புரிமையும்

என்னால் ஒரு ரகசியத்தை இரண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் அரசாங்கத்துக்கும் தெரிந்துபோன கதை இது.

உடையார்பாளையத்தில் எங்கள் முந்திரிக் கொல்லை போர்வெல் மோட்டார், மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போனால் எரிந்துவிடும். முனை போகப்போவதை முன்கூட்டியே கணித்து மோட்டாரை நிறுத்தும் மென்பொருளை எழுதினேன். (வேலை செய்தது. பிறகு இதைச் சொல்ல வாய்ப்பு வராது.) காப்புரிமை கிடைத்தால் வாங்கிக்கொள்வதாக ஒரு மோட்டார் கம்பெனி சொன்னது. உடனே அரியலூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டேன்.

விண்ணப்பித்தேன். "இது வெறும் கணினி நிரல், அதற்குக் காப்புரிமை கிடையாது" என்று பரிசோதனை அறிக்கை வந்தது. வீடியோவில் விசாரணை. அந்த நிரலால் மோட்டாருக்கு என்ன தொழில்நுட்பப் பயன் என்று நான் நிரூபிக்க வேண்டும். ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்தேன்.

விசாரணை அன்று மாடி அறையில், வெயிலுக்காக ஜன்னலில் கட்டியிருந்த பழைய ஃபிளக்ஸுக்கு முன்னால், சட்டையை இன் செய்து உட்கார்ந்தேன். எரிந்துபோன மோட்டார் காயிலைத் தூக்கிக் காட்டி அரை மணி நேரம் பேசினேன். அதிகாரி தமிழ்க்காரர்.

"சரிங்க, இது வெறும் நிரல் இல்லன்னு ஏத்துக்கலாம்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க பின்னாடி இருக்கிறது, விண்ணப்பத்துல இருக்கிற அதே படமா?"

திரும்பிப் பார்த்தேன். மாமாவின் பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது அடித்த ஃபிளக்ஸ். 'அறிவியல் சிங்கம்' என்ற பட்டத்தோடு நான். பக்கத்தில் என் கண்டுபிடிப்பின் வரைபடம். "வெறும் மூஞ்சியப் போட்டா எவன் பார்ப்பான் மாப்ள? கண்டுபிடிச்சதப் போடு" என்று மாமா அப்போது கேட்டிருந்தார். பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் புரியட்டும் என்று அம்புக்குறி, கணக்கு எல்லாம் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

"அதே படந்தாங்க சார்!"

"எங்க வச்சிருந்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லங்க சார். பத்து நாள் இருந்துச்சு. ஊரே பார்த்துச்சு."

"விழா தேதி, நீங்க விண்ணப்பிக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடி இருக்கே?"

"ஆமாங்க சார், அப்பவே கண்டுபிடிச்சிட்டேன்."

அவர் குனிந்து எழுதிக்கொண்டார். (பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்தேன்.)

விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்ட கண்டுபிடிப்பு புதியது ஆகாது. விதிகளில் முதலில் வரும் விதி இதுதான். சுலபமாக இருந்ததால் அதைப் படிக்காமல் தாண்டியிருந்தேன். மறுப்பு ஆணையில், எனக்கு எதிரான ஒரே ஆதாரமாகக் காதணி விழாப் பதாகை குறிப்பிடப்பட்டிருந்தது.

"கவர்மென்ட்டு தாள்லயே நம்ம வூட்டு விசேஷம் வந்துடுச்சு பாரு மாப்ள" என்று மாமா அதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டார். நான் ரொம்பவே நொந்துபோய், அரியலூர் வேலைக்கே திரும்பினேன்.

பிறகு கல்யாணம் ஆயிற்று. என் மனைவி கருவுற்ற செய்தி எங்கள் தெருவிலேயே கடைசியாக எனக்குத்தான் தெரிந்தது. ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஸ்கேன் படத்த பஸ் ஸ்டாண்டுல பார்க்க எனக்கு இஷ்டமில்லங்க" என்றாள்.