பக்கத்து அறையின் தப்புப் பதில்கள்

"உப்பைத் தண்ணியிலே கரைச்சா என்ன கிடைக்கும்?" என்று ஜாஸ்லின் கேட்டாள்.

வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது வழக்கம்தான். வழக்கமில்லாதது என்னவென்றால், பதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"மண்ணெண்ணெய்."

ஈரத் துணிக்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல். ஆணா பெண்ணா, சின்னதா பெரியதா என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கம் இருந்தது பழைய ரசாயனக் கூடம். ஜாஸ்லின் இந்தக் கல்லூரிக்கு வேலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே பூட்டிப் போட்ட அறை.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பவானி டீச்சரை மெதுவாகக் கேட்டாள். "சயாமா, அங்கே யாரு?"

"யாரோ விளையாடறாங்க" என்றாள் ஜாஸ்லின்.

பள்ளி இறுதித் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்ற பிள்ளைகள் அவர்கள். அலோன், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைகளில் வீடு வீடாகப் போய் ஜாஸ்லின்தான் கூட்டி வந்தாள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சைக் கண்டாலே கூசிப்போகும் இவர்களைக் கல்லூரிக்குள் உட்கார வைத்து, கல்லூரி ஆசிரியர்களைக் கொண்டு பாடம் நடத்தினால் தேறிவிடுவார்கள் என்பது அவள் நம்பிக்கை. முதல்வர் ஊ ஆண்ட்ரூவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. இந்த வருஷம் மட்டும் பார்ப்போம் என்று அரை மனதோடு தலையாட்டியிருந்தார்.

ஆகவே ஜாஸ்லின் முதல் காரியமாகக் காவலாளியை அழைத்துப் பூட்டைத் திறக்கச் சொன்னாள். பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் அல்லவா?

கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே ஆற்றுச் சேற்று வாடை. தரையில் விரல் கனத்துக்குத் தூசி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"பாத்தீங்களா? யாரும் இல்லே" என்றாள் ஜாஸ்லின்.

அப்போது, அவர்கள் சற்றுமுன் விட்டு வந்த காலி வகுப்பறையிலிருந்து குரல் கேட்டது.

"சயாமா, எங்கே எல்லாரும் போயிட்டீங்க?"

காவலாளிதான் முதலில் ஓடினான்.

மறுநாள் ஜாஸ்லின் வகுப்பை மாடிக்கு மாற்றினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய், கீழே ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. அந்த அமைதியில், பவானியின் மேசைக்கு அடியிலிருந்து, "புரியலே, திரும்பச் சொல்லுங்க" என்று யாரோ கெஞ்சினார்கள். பவானி ஒரே தாவலில் மேசைமேல் நின்றாள். அதற்குப் பிறகு அவளை இறக்குவதே பெரிய பாடாகிவிட்டது. கீழறையாவது பழகிய அறை என்று ஜாஸ்லின் வகுப்பைத் திரும்பவும் கீழே கொண்டு வந்தாள்.

விஷயம் முதல்வர் காதுக்குப் போனது. அவர் ஒரு பாதிரியாரை அழைத்து வந்தார். பாதிரியார் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் "ஆமென்" சொல்லி முடித்தார்கள். எல்லாம் அடங்கிய பிறகு, உள்ளே இருந்து சற்றுத் தாமதமாக, மிகுந்த பக்தியோடு இன்னொரு "ஆமென்" வந்தது. தீர்த்தக் கிண்ணம் பாதிரியாரின் கையிலிருந்து நழுவி உருண்டது.

அடுத்த நாள் பாதி பெஞ்சுகள் காலி.

"தோத்ததுகளைக் கூட்டிட்டு வாறேன்னு சொன்னே, சரின்னேன்" என்றார் ஊ ஆண்ட்ரூ. "செத்ததையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்திருக்கே. இன்னொரு சத்தம் கேட்டுச்சோ, திட்டத்தை இழுத்து மூடிடுவேன்."

மூடினால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? லத்தா கடைத்தெருவில் மூட்டை தூக்கலாம், படகுத்துறையில் கூலிக்கு நிற்கலாம். இனி ஒருவரும் இவர்களைப் படிக்கக் கூப்பிடப் போவதில்லை. ஜாஸ்லின் மிஞ்சியிருந்தவர்களுக்கு முன்னால் நின்று, முடிந்தவரை மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஒரு பொருள் எரியறதுக்கு எந்த வாயு வேணும்?"

பதில் வரக் கூடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வந்தது.

"கரியமில வாயு."

"டேய் மடப்பயலே!"

கத்தியது ஜாபிர். சேர்ந்த நாளிலிருந்து வருகைக்குக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குபவன். இப்போது எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்கச் சுவரைப் பார்த்துச் சீறினான். "கரியமில வாயு அடிச்சா தீ அணைஞ்சுடும்டா! எங்க வாப்பா கடையிலே சிலிண்டர்லே அடைச்சு மாட்டி வச்சிருக்கோம். எரியறதுக்கு ஆக்ஸிஜன்தான் வேணும்!"

"ஏன்?" என்று சுவர் கேட்டது.

ஜாபிரை இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவன் ஜாஸ்லினிடமிருந்து சாக்கட்டியை வாங்கிக்கொண்டு கரும்பலகைக்குப் போனான். தெரிந்ததைச் சொன்னான், தெரியாத இடத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னான். அவன் எழுத எழுத, சுவருக்கு அந்தப் பக்கமும் சாக்கட்டி கிறீச்சிட்டது. யாரோ பார்த்து எழுதிக்கொள்வதைப் போல.

ஜாஸ்லின் அவனை நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து நிலைமை தலைகீழானது. நின்றுபோனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தங்களைவிட மக்கு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற செய்தி அவர்களை இழுத்து வந்தது. பேயைத் திருத்துவதற்காகவே வீட்டில் விழுந்து விழுந்து படித்தார்கள். "இன்னிக்கு நான்தான் சொல்லிக் குடுப்பேன்" என்று பவானி சண்டை போட்டாள். குரலும் சளைக்கவில்லை. அமிலம் இனிக்கும் என்றது. தங்கம் தண்ணீரில் மிதக்கும் என்றது. ஒவ்வொரு தடவையும் "ஏன்?" என்று கேட்டு அவர்களை உருட்டியது.

ஜாஸ்லினுக்குப் பயம் போய்ப் பரிதாபம் வந்துவிட்டது. தேறாமலே செத்துப்போன ஏதோ ஒரு பிள்ளை, பாவம்! வகுப்பு முடிந்த பின்பும் அதற்கென்று தனியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். கோயிலுக்குப் போனால் அதன் பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஒரு மாலை ஊ ஆண்ட்ரூ அந்தப் பக்கம் வந்தபோது, அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்துச் சொன்னது இன்னிக்கு மறந்துபோச்சா? வீட்டிலே உக்காந்து என்னதான் செய்யறே?"

"தூங்கறேன் சயாமா" என்றது சுவர்.

முதல்வர் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். திட்டத்தை மூடுவது பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. அந்த வராந்தாவையும் மிதிக்கவில்லை.

தேர்வு வந்தது, முடிவும் வந்தது. அத்தனை பேரும் தேறிவிட்டார்கள்! ஜாபிர் ரசாயனத்தில் சிறப்புத் தேர்ச்சி. கல்லூரி முற்றத்தில் பெற்றோர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், யார் கன்னத்தில் யாருடைய தனக்காப் பூச்சு என்று தெரியாமல் கட்டிக்கொண்டார்கள்.

ஜாஸ்லின் மட்டும் நழுவி வகுப்பறைக்கு வந்தாள். சுவரில் கைவைத்தாள். பனிக்கட்டி போல் சில்லிட்டது.

"எல்லாரும் தேறிட்டாங்கடா கண்ணு" என்றாள். "உன்னைத்தான் தேத்த முடியலே. நான் நல்ல டீச்சர் இல்லே போலிருக்கு."

"சயாமா!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் ஜாபிரின் அம்மா ஜஸீலா, பிரியாணித் தூக்கோடு நின்றிருந்தாள்.

"உங்களைத்தான் தேடறேன். இந்தக் காலேஜுக்குள்ளே வந்து எத்தனை காலமாச்சு! நானும் இங்கேதான் படிச்சேன் சயாமா, இதே..."

"இரும்பு துருப்பிடிக்கிறது சோம்பேறித்தனத்தாலே" என்றது சுவர்.

ஜஸீலா தூக்கைக் கீழே வைத்தாள். முக்காட்டை இழுத்துச் சரிசெய்து, கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றாள்.

"பயப்படாதீங்க" என்று ஜாஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பாவம், ஒரு மக்குப் பிள்ளை. படிக்க ஆசை, ஏறவே மாட்டேங்குது."

"பிள்ளையா?" என்றாள் ஜஸீலா, குரலைத் தாழ்த்தி. "அது எங்க கெமிஸ்ட்ரி வாத்தியார் சயா ராபர்ட்டு, உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், வேணும்னே தப்புத் தப்பாச் சொல்லித்தான் மக்குப் பசங்களையும், புதுசா வர்ற டீச்சருங்களையும் தேத்தி விடுவாரு."