சுருளியின் ஸ்டிக்கரும் சிங்கத்தின் சுற்றறிக்கையும்

ஒரு காட்டில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடம் மூழ்கிப்போனது. "பள்ளிக்கூடம் மூழ்கலாம், பாடம் மூழ்கக் கூடாது" என்று ஹெட்மாஸ்டர் சிங்கம் எல்லா வகுப்புகளையும் போனுக்கு மாற்றிவிட்டது.

சுருளி என்ற எறும்புத்தின்னிக் குட்டி வீட்டிலிருந்தே படித்தது. ஒருநாள் கணக்குப் பாடம் நடக்கும்போது பசி தாங்காமல் பக்கத்துப் புற்றுக்குள் நாக்கை விட்டுவிட்டது. கேமரா ஆனில் இருந்தது. குரங்குப் பயல்கள் சும்மா இருப்பார்களா? முழ நீள நாக்கோடு ஒரு ஸ்டிக்கர் தயாரானது. அப்புறம் சுருளி குட் மார்னிங் சொன்னாலும் ஸ்டிக்கர், சந்தேகம் கேட்டாலும் ஸ்டிக்கர்.

பாவம், சுருளிக்கு அழுகை முட்டியது. துக்கம் வந்தால் சுருண்டு பந்தாகிவிடுவது அதன் குலவழக்கம். சுருண்டது.

"மூஞ்சி தெரியலயேடா சுருளி! ஆப்சென்ட் போட்டுருவேன்" என்றது கொக்கு டீச்சர்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சுருளி கடைசியில் டீச்சருக்குப் போன் போட்டது. "என்னை வச்சு ஸ்டிக்கர் போட்டுச் சிரிக்கிறாங்க டீச்சர். கிளாசுக்கு வரவே பயமா இருக்கு. யார்ட்டயும் சொல்லிராதீங்க."

கொக்குக்கு மனசு உருகிவிட்டது. நேரே சிங்கத்திடம் சொன்னது. சிங்கத்துக்கும் உருகிவிட்டது.

"நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள அழுறதா? இப்பவே நடவடிக்கை எடுக்கிறேன்!"

காடு முழுக்கச் சுற்றறிக்கை பறந்தது: 'மாணவன் சுருளியின் மனநலம் கருதி, கீழ்க்காணும் ஸ்டிக்கரை யாரும் அனுப்பக் கூடாது.' எல்லாருக்கும் அடையாளம் தெரிய வேண்டுமே என்று ஸ்டிக்கரைப் பெரிதாக்கிக் கீழே போட்டிருந்தார்கள்.

அதுவரை வகுப்பைத் தாண்டாத நாக்கு பக்கத்துக் காடு வரை போனது. "ஏங்க்கா, உங்க பையனுக்கு மனநலமாமே?" என்று கரடி, சுருளியின் அம்மாவிடம் துக்கம் விசாரிக்க வந்தது.

மறுநாள் வகுப்பில் சிங்கமே தோன்றியது. "எல்லார் முன்னாடியும் மனசு விட்டுச் சொல்லுடா சுருளி. இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன் சார்" என்று பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த முயல் குட்டி, தன் காதைக் கேலி செய்கிறார்கள் என்று டீச்சருக்கு டைப் செய்து வைத்திருந்ததை அவசரமாக அழித்தது. மான் குட்டியும் எதையோ அழித்தது. அதன் பிறகு அந்தப் பள்ளியிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. பிள்ளைகள் மிகவும் பாதுகாப்பாக இருக்கும் பள்ளி என்று சிங்கத்துக்கு மாலை போட்டு விருது கொடுத்தார்கள்.

நீதி: குறை சொல்லும் பிள்ளைக்கு உடனே ஓடிப்போய் உதவுங்கள்; பிறகு எந்தப் பிள்ளைக்கும் குறையே இருக்காது.